பத்திரிகையில் பூவும் பிள்ளையார் சுழியும்: ஸ்கிரீன் ரீடருக்கு எதை மறைப்பது, எதை விடுவது?

மல்லிகைச்சரம் (மதுரை) | திங்கள், இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். மாமனார் காலத்திலிருந்து எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற தொழில். இப்போதெல்லாம் அச்சடித்த பத்திரிகையோடு, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு வெப் பத்திரிகையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அந்த வேலை என்னுடையது.

போன வாரம் ஒரு மாப்பிள்ளையின் பெரியப்பா போன் பண்ணினார். எழுபது வயதுக்கு மேல். சர்க்கரையில் கண் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. போனில் டாக்பேக் (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கிற ஸ்கிரீன் ரீடர்) வைத்துத் தானே எல்லாம் பார்த்துக்கொள்கிறவர். "பத்திரிகை ரொம்ப அழகா இருக்குன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்கம்மா. எனக்குத்தான் கல்யாணம் என்னைக்கு, எந்த மண்டபம்னு கடைசி வரைக்கும் வரவே இல்ல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்டேன் என்பதற்காக, இன்னொரு போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். கேட்டதை அப்படியே எழுதுகிறேன். முதலில் "உ". அடுத்து "செர்ரி ப்ளாசம்" என்று ஏழு தடவை (மேலே ஏழு பூ எமோஜி வரிசையாக வைத்திருந்தேன்). அப்புறம் "தி". அவர் விரலால் தள்ளினார். "ரு". தள்ளினார். "ம". "ண". கடைசி "ம்" தொண்டையில் சிக்கின சத்தம் மாதிரி வந்தது. மணமகன் பெயரும் மணமகள் பெயரும் இதே கதி. கீழே ஓடுகிற "தங்கள் நல்வரவை நாடும்" வரி நாலு தடவை வந்தது. மண்டபத்துப் பெயருக்கு முன்னால் "லொகேஷன் ஆன்" என்றது. தன் போனில் லொகேஷன் தானாக ஆன் ஆகிவிட்டது என்று நினைத்து அவர் பக்கத்தை மூடியிருக்கிறார்.

இதே டிசைனில் ஒரு வருஷமாகப் பத்திரிகை போட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படிக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார்களோ தெரியாது. அலங்காரத்தையும் எடுக்காமல், அவருக்கும் நேராகக் காதில் விழுகிற மாதிரி எப்படிச் செய்வது? கல்யாணத்துக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது.

---

ஒலிவழி (திருச்சி) | திங்கள், இரவு 10.35

நான் பார்வையில்லாதவன், வங்கியில் வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்விடிஏ என்கிற ஸ்கிரீன் ரீடர், போனில் டாக்பேக். பெரியப்பா ஏன் மண்டபத்தை எட்டவில்லை என்பதை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

டாக்பேக்கில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை விரலைத் தள்ளவேண்டும். நீங்கள் எழுத்துகளைத் தனித்தனி ஸ்பானில் (எழுத்தைச் சுற்றிப் போடுகிற எச்டிஎம்எல் குறி) போட்டு, அவை குதித்து வருவதற்காக இன்லைன்-பிளாக், அதாவது தனித்தனிப் பெட்டி, ஆக்கியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு எழுத்தும் தனித் துண்டு. "திருமணம்" என்பதற்கே 5 தள்ளு. "கார்த்திகேயன்" என்று பெயர் இருந்தால் 7. பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் அதே அனிமேஷனில் இருந்தால் தேதியைத் தொடுவதற்குள் நூறு தாண்டிவிடும்.

எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சொல்லைச் சேர்க்கலாமே என்று பார்வையுள்ள நண்பர்கள் கேட்பார்கள். "தி, ரு, ம, ண, ம்" சேர்ந்துவிடும், தெரிந்த சொல். தெரியாத ஒரு பெயரை அப்படிச் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது எழுத்து வரும்போது முதல் எழுத்து கைவிட்டுப் போயிருக்கும்.

பூ வரிசை அவ்வளவு தொல்லை இல்லை, ஒரே துண்டு, கொஞ்சம் பொறுத்தால் முடிந்துவிடும். பெயரை உடைத்ததுதான் பெரிய குறை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள் அக்கா.

---

நீலக்கட்டம் (கோவை) | செவ்வாய், காலை 7.15

இது ரொம்பச் சின்ன வேலை. அலங்காரம் எதுவாக இருந்தாலும் அதன் எச்டிஎம்எல் குறியில் ஏரியா-ஹிடன் (aria-hidden) ட்ரூ என்று போட்டுவிடுங்கள். ஸ்கிரீன் ரீடர் அதைத் தொடவே தொடாது. உ, பூ, கோடு, ஓடுகிற வரி, ஐகான், எல்லாவற்றுக்கும் அதே மருந்து.

---

மல்லிகைச்சரம் | செவ்வாய், மதியம் 1.20

காலையிலேயே செய்து பார்த்தேன். பூவும் உ-வும் பெயர்களும் இருக்கிற மேல்கட்டம் முழுவதற்கும் ஏரியா-ஹிடன் போட்டேன். என் போனில் டாக்பேக்கை ஆன் பண்ணிக் கேட்டால் நேராக "காலை 9.00" என்று ஆரம்பிக்கிறது. யாருக்குக் கல்யாணம் என்றே வரவில்லை. மேல்கட்டத்தில் ஒரு போன் நம்பர் லிங்க் இருக்கிறது. கம்ப்யூட்டரில் டேப் கீயை அழுத்தினால் அந்த இடத்தில் நிற்கிறது, ஆனால் எங்கே நிற்கிறது என்று குரல் சொல்லமாட்டேன் என்கிறது. முன்னைவிட மோசமாகிவிட்டது.

---

பின்னல்வேலை (சென்னை) | செவ்வாய், இரவு 11.05

நீலக்கட்டம் சொன்ன மருந்து சரியான மருந்துதான், அளவுதான் தப்பிவிட்டது. ஏரியா-ஹிடனை ஒரு பெட்டிக்குப் போட்டால் உள்ளே இருக்கிற அத்தனையும் மறைந்துவிடும், உள்ளே போய் ஒன்றை மட்டும் திரும்பக் காட்டவும் முடியாது. லிங்க், பட்டன் மாதிரி டேப் கீ போய் நிற்கக்கூடியது எதன்மேலும் அதைப் போடவே கூடாது. நீங்கள் கேட்ட அந்த ஊமை நிறுத்தம் அதனால் வந்ததுதான்.

நிறையப் பேர் ஏரியா-ஹிடனையும் ரோல் பிரசன்டேஷனையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ரோல் பிரசன்டேஷன் போட்டால் "இது தலைப்பு", "இது பட்டியல்" என்கிற அடையாளம்தான் போகும். உள்ளே இருக்கிற எழுத்து அப்படியே படிக்கப்படும். பூ வரிசைக்கு அதைப் போட்டால் ஏழு செர்ரி ப்ளாசமும் குறையாமல் வரும்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். முக்கியமான இடம் பெயர்கள்தான், அதில் கொஞ்சம் நிற்கிறேன்.

உடைத்த எழுத்துகளைக் கண்ணுக்கு மட்டும் வையுங்கள், முழுச்சொல்லைக் காதுக்கு வையுங்கள். அதாவது ஒரே எச்1 தலைப்புக்குள் இரண்டு ஸ்பான். முதலாவதில் முழுப்பெயர் சாதாரண எழுத்தாக இருக்கும், சிஎஸ்எஸ்ஸால் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற மொழி) கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்கியிருப்போம். இரண்டாவதில் குதிக்கிற எழுத்துகள், அந்த ஸ்பானுக்கு மட்டும் ஏரியா-ஹிடன் ட்ரூ. கண்ணுக்கு ஒதுக்குவதற்கு டிஸ்ப்ளே நன் போட்டுவிடாதீர்கள், ஸ்கிரீன் ரீடருக்கும் அது போய்விடும். பொசிஷன் அப்சல்யூட், அகலம் 1 பிக்சல், உயரம் 1 பிக்சல், ஓவர்ஃப்ளோ ஹிடன், கிளிப்-பாத்தில் இன்செட் 50 சதவீதம், வைட்-ஸ்பேஸ் நோராப். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஒரு பிக்சல் அகலத்துக்குள் ஒவ்வொரு சொல்லும் அடுத்த வரிக்கு மடங்கி, இடைவெளி தொலைந்து, சில ஸ்கிரீன் ரீடர்கள் சொற்களை ஒட்டிப் படித்துவிடும்.

"ஸ்பான் மேலேயே ஏரியா-லேபிள் (ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் சொல்கிற பெயர்) போட்டு முழுப்பெயரைக் கொடுத்தால் போதாதா" என்று கேட்பீர்கள். பழைய பாடங்களில் அப்படித்தான் இருக்கும். ஆனால் ரோல் எதுவும் இல்லாத வெறும் ஸ்பானுக்கும் டிவ்வுக்கும் லேபிள் கொடுக்கக்கூடாது என்று ஏரியா 1.2 தரம் விதித்திருக்கிறது. ஒரு கருவி படிக்கும், இன்னொன்று கண்டுகொள்ளாது. நம்பி இறங்கவேண்டாம்.

இன்னொன்று. எழுத்துகளை ஜாவாஸ்கிரிப்டின் ஸ்பிளிட் வைத்து உடைத்தீர்களா, கையால் உடைத்தீர்களா? ஸ்பிளிட் என்றால் "திருமணம்" எட்டுத் துண்டாகியிருக்கும்: த, ி, ர, ு, ம, ண, ம, புள்ளி. தனியாக நிற்கிற குறிகளோடு கண்ணுக்கே புள்ளிவட்டம் (◌) தெரிந்திருக்கவேண்டும்.

---

மல்லிகைச்சரம் | புதன், காலை 6.40

ஆமாம், முதலில் ஸ்பிளிட்தான் போட்டேன். புள்ளிவட்டமாக வந்ததைப் பார்த்துப் பயந்து, அதன்பிறகு ஒவ்வொரு பெயரையும் நானே எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தட்டுகிறேன். ஒரு பத்திரிகைக்கு அரைமணி நேரம் அதிலேயே போகிறது.

---

பின்னல்வேலை | புதன், காலை 9.10

அந்த அரைமணி நேரம் இனி மிச்சம். பிரவுசரிலேயே எழுத்தைப் பிரித்துத் தருகிற இன்ட்ல் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது. குரோமில் 2020 முதல் உண்டு, ஃபயர்ஃபாக்ஸில் 125 ஆம் பதிப்பில், 2024 ஏப்ரலில் வந்தது. கிராஃபீம் (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது) என்று சொல்லிக் கொடுத்தால் "திருமணம்" என்பதைத் தி, ரு, ம, ண, ம் என்று சரியாக ஐந்தாகப் பிரிக்கும். கொ, கோ, கௌ எல்லாம் உடையாமல் வரும்.

ஆனால் பத்திரிகைத் தொழிலில் அது இரண்டு இடத்தில் காலை வாரும்: ஸ்ரீ, க்ஷ. யூனிகோட் விதிப்படி தமிழில் புள்ளிக்குப் பிறகு துண்டு முடிந்துவிடுகிறது. ஸ்ரீ என்பது ஸ், ரீ என்று இரண்டாகப் பிரிந்து, அந்தச் சுழித்த வடிவமே கலைந்துவிடும். "லக்ஷ்மி"யிலும் அப்படியே. தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் முதலிய சில எழுத்துமுறைகளுக்குக் கூட்டெழுத்தைச் சேர்த்துப் பிடிக்கிற விதி யூனிகோட் 15.1இல் வந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த இரண்டையும் ஒட்டிவைக்க நீங்களே ஒரு வரி சேர்த்துக்கொள்ளவேண்டும்.

என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழை எழுத்தெழுத்தாகக் குதிக்கவிடுவதே தேவையில்லாத வம்பு. ஆங்கிலத்தில் எழுத்துகள் தனித்தனி மணிகள், உதறலாம். தமிழில் கொம்பும் காலும் புள்ளியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சொல்லைச் சொல்லாகவே வைத்து, கிளிப்-பாத்தால் இடமிருந்து வலமாக மெல்லத் திறந்துவிடுங்கள். பேனாவால் எழுதிப் போவது மாதிரியே இருக்கும். உடைக்கிற வேலையும் இல்லை, மறைக்கிற வேலையும் இல்லை, ஒரே ஸ்பானை எல்லாரும் படிக்கலாம்.

மற்றவை சீக்கிரம்.

பூ வரிசை: பூக்களை எச்டிஎம்எல்லில் எழுதாமல் சிஎஸ்எஸ் பின்னணிப் படமாக வையுங்கள். ஸ்கிரீன் ரீடர் பின்னணியைப் பார்ப்பதே இல்லை. பிஃபோர், ஆஃப்டர் (சிஎஸ்எஸ்ஸே முன்னும் பின்னும் சேர்க்கிற துண்டுகள்) வழியாக எழுத்தாக வைப்பதென்றால் எச்சரிக்கை: அதில் வருகிற எழுத்தையும் இன்றைய ஸ்கிரீன் ரீடர்கள் படிக்கின்றன. கன்டென்ட்டில் பூவைக் கொடுத்து, அதன் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு, வெற்று மேற்கோள் கொடுத்தால் "இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை" என்று அர்த்தம். குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இப்போது இது நடக்கிறது. ஆனால் பழைய பதிப்பு பிரவுசர் அந்த வரியையே தள்ளிவிடும், அதனால் சாய்கோடு இல்லாத வரி ஒன்றையும் அதற்கு மேலே எழுதிவையுங்கள்.

லொகேஷன் ஆன்: அது ஐகான் எழுத்துரு. "லொகேஷன் ஆன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத்தான் எழுத்துரு ஒரு ஊசிப் படமாக மாற்றிக் காட்டுகிறது. காதுக்கு அந்த எழுத்து அப்படியே போகிறது. ஐகான் ஸ்பானுக்கு ஏரியா-ஹிடன், பக்கத்தில் "மண்டபம் செல்லும் வழி" என்று உண்மையான எழுத்து.

ஓடுகிற வரி: இடைவெளி விழாமல் சுற்றுவதற்காக ஒரே வாசகத்தை நாலு பிரதி வைத்திருப்பீர்கள். முதல் பிரதியை விட்டு மற்ற மூன்றுக்கும் ஏரியா-ஹிடன். ஐந்து விநாடிக்கு மேல் தானாக ஓடுகிற எதற்கும் நிறுத்த ஒரு பட்டன் வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி (வெப் பக்கங்களை எல்லாரும் அணுகுவதற்கான சர்வதேச வழிகாட்டி) விதி 2.2.2. போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு ஓட்டமே இல்லாமல் நிறுத்திவிடுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம்: பக்கத்தின் மொழியைக் குறிக்கிற லாங் என்ற இடத்தில் டிஏ, அதாவது தமிழ், என்று இருக்கிறதா? டெம்ப்ளேட்டை இறக்கினால் பெரும்பாலும் ஆங்கிலம் என்றே இருக்கும்.

---

ஒலிவழி | புதன், காலை 9.45

லாங் விஷயத்தை யாரும் சின்னதாக நினைக்கவேண்டாம். ஆங்கிலம் என்று குறித்த தமிழ்ப் பக்கத்தில் என் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஆங்கிலக் குரல் எண்களை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடும். முகூர்த்தத் தேதி மட்டும் வரும், யாருக்கு, எங்கே என்பது வராது.

---

வடலி (யாழ்ப்பாணம்) | புதன், மாலை 4.30

மல்லிகைச்சரம் அக்காவுக்கு வணக்கம். நானும் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற ஆள். இஞ்ச எங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்குது. உங்களுக்கும் இருக்கும் எண்டு நினைக்கிறன்.

அலங்காரத் தலைப்பு எண்டால் எங்கட ஆக்கள் இப்பவும் பாமினி எழுத்துருவைத்தான் தேடுவினம். அதில இருக்கிற வளைவு யூனிகோட் எழுத்துருவில வராது எண்டு சொல்லுவினம். பாமினியில "அம்மா" எண்டு தெரியிறதுக்குக் கீழ உண்மையில இருக்கிறது என்னெண்டால் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணுக்கு அம்மா. திரைவாசிப்பானுக்கு எம், கே, அரைப்புள்ளி. நான் ஒரு நினைவு மலரை அப்பிடியே இணையத்தில ஏத்தி, இறந்துபோனவரின்ர மகள் (அவவுக்குப் பார்வை இல்லை) தகப்பன்ர பெயரைக் கேக்க ஏலாமல் போனது. அவவுக்கு நான் தொலைபேசியில முழு மலரையும் வாசிச்சுக் காட்டினன். அது நடந்து நாலு வருசம். அதுக்குப் பிறகு பாமினியில ஒரு வரிகூட இணையத்தில போட்டதில்லை.

1999 இல் சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் எண்ட எழுத்துக் குறிமுறையள், 2010 இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 ஐயும் தரமாக்கினது எண்டு எவ்வளவோ நடந்திட்டுது. ஆனால் பழைய கோப்பில இருந்து வெட்டி ஒட்டுற பழக்கம் மாறேல்லை. பழைய பத்திரிகைக் கோப்பில இருந்து எடுக்கிற எதையும் முதலில யூனிகோடுக்கு மாத்துங்கோ. அந்த வளைவு வேணுமெண்டால் எஸ்விஜி படமாக வரைஞ்சு, இது படம் எண்டு சொல்லுற ரோல் ஐஎம்ஜி போட்டு, ஏரியா-லேபிளில பெயரை யூனிகோடில குடுங்கோ. ரோல் இருக்கிறபடியால் அங்க லேபிள் செல்லும்.

---

நீலக்கட்டம் | புதன், இரவு 8.20

பெட்டி முழுவதற்கும் போடும்படி எழுதியது என் அவசரம், மல்லிகைச்சரம் மன்னிக்கவும். ஆனால் ஒன்றைப் பேசித் தீர்க்கவேண்டும். அந்த முதல் "உ". அதை மறைக்கத்தானே வேண்டும்? ஸ்கிரீன் ரீடரில் வெறும் "உ" என்று ஒரு சத்தம். அதற்கு வாக்கியத்தில் இடம் இல்லை, அர்த்தம் இல்லை. சுத்த அலங்காரம்.

---

வெண்கோல் (தஞ்சாவூர்) | புதன், இரவு 9.55

நான் பள்ளி ஆசிரியை, பிறவியிலேயே பார்வை இல்லை. இந்த "உ" பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகையின் தலையில் பிள்ளையார் சுழி போடுவார்கள் என்பதே எனக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரியும். என் தங்கை கல்யாணத்துக்கு அப்பா பத்திரிகை எழுதிக் கொடுத்தபோது, "முதல்ல உ போட்டுக்கோ" என்று அச்சகக்காரரிடம் சொன்னதைக் கேட்டேன். என்னப்பா அது என்று கேட்டேன். அப்பா என் உள்ளங்கையில் விரலால் அந்த உ-வை எழுதி, கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இருபத்தைந்து வயதில் எனக்கு அது புதுச் செய்தி. எங்கள் வீட்டில் எத்தனையோ பத்திரிகை எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள், ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லத் தோன்றாதபடி அவர்களுக்கு அது பழகிவிட்டது.

நீங்கள் ஏரியா-ஹிடன் போட்டால் அதே காரியத்தைத்தான் நிரந்தரமாகச் செய்வீர்கள். வெறும் உ என்று ஒலிப்பது குழப்பம் என்பது உண்மைதான். அதற்குப் பெயர் கொடுங்கள். "பிள்ளையார் சுழி" என்று சொல்லட்டும்.

---

நீலக்கட்டம் | புதன், இரவு 10.20

நீங்கள் சொன்னது மனதில் நிற்கிறது அம்மா. ஆனால் அப்படிப் பார்த்தால் பூவுக்கும் பெயர் சொல்லவேண்டும், மாவிலைத் தோரணத்துக்கும், குத்துவிளக்குக்கும் சொல்லவேண்டும். எங்கே கோடு போடுவது?

---

பின்னல்வேலை | புதன், இரவு 11.30

அந்தக் கோட்டுக்கு டபிள்யூசிஏஜியிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது, நிறையப் பேர் அந்தக் குறிப்பு வரை படிப்பதில்லை. சொற்களை இடம் மாற்றினாலும், வேறு சொல்லை வைத்தாலும் நோக்கம் மாறாது என்றால்தான் அந்த எழுத்து வெறும் அலங்காரம். அங்கே தருகிற உதாரணம் ஒரு அகராதியின் அட்டை: பின்னணியில் மங்கலாக ஏதேதோ சொற்கள். எந்தச் சொல் இருந்தாலும் ஒன்றுதான்.

உ-வை அதில் வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் 786 என்று போட்டால்? சிலுவை போட்டால்? பத்திரிகையைப் பிரிக்கிறவர் முதல் நொடியில் அறிவது அந்தக் குறியைத்தான். மாற்றினால் செய்தியே மாறுகிறது. எனவே அது அலங்காரம் இல்லை. செர்ரிப் பூவுக்குப் பதில் தாமரை வைத்தால் யாருக்கும் எதுவும் மாறவில்லை. அது அலங்காரம், பின்னணிக்குப் போகலாம்.

செய்முறை: உ இருக்கிற ஸ்பானுக்கு ரோல் ஐஎம்ஜி, ஏரியா-லேபிள் "பிள்ளையார் சுழி". சில கருவிகள் முன்னாலோ பின்னாலோ "படம்" என்று சேர்த்துச் சொல்லும், பரவாயில்லை.

மாவிலையும் குத்துவிளக்கும் வடிவமைத்தவர் கையில். அந்தக் குத்துவிளக்கு பாட்டி கொடுத்தது என்று பத்திரிகையில் ஒரு வரி இருந்தால் அதைச் சொல்லவேண்டும். கடையில் வாங்கிய கிளிப்ஆர்ட் என்றால் விட்டுவிடலாம்.

---

ஒலிவழி | வியாழன், காலை 7.05

எனக்கும் வெண்கோல் டீச்சர் சொன்னதுதான். பூ வேண்டாம், சுழி வேண்டும்.

இன்னொரு வகை அலங்காரமும் இங்கே பதிவாகட்டும். மணமகள் பெயரை ஆங்கிலத்தில் வளைத்து வளைத்து எழுதுகிறார்களே, அது எழுத்துருவே இல்லை. 2001இல் யூனிகோட் 3.1இல் கணிதத்துக்காகச் சேர்த்த எழுத்துகளை எடுத்து ஒட்டுகிறார்கள். என்விடிஏவில் 2024.3 பதிப்பில் யூனிகோட் நார்மலைசேஷன் என்ற வசதி வந்ததிலிருந்து எனக்கு ஓரளவு பெயராகக் கேட்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு எழுத்துக்கும் கணிதப் பெயர், அல்லது ஒன்றுமே இல்லை. பெயருக்கு இரண்டு பக்கமும் வைக்கிற சிறகு மாதிரி குறிகள் ஜாவானிய எழுத்துமுறையைச் சேர்ந்தவை என்று தேடித் தெரிந்துகொண்டேன். நான் கேட்பது வெறும் முக்கல். வளைவு வேண்டுமானால் சாதாரண எழுத்தில் பெயரை எழுதி, சிஎஸ்எஸ்ஸில் எழுத்துருவை மாற்றுங்கள்.

"தி ரு ம ண ம்" என்று நடுவில் ஸ்பேஸ் தட்டி அகலமாக்குவதும் அப்படித்தான். லெட்டர்-ஸ்பேசிங் என்று சிஎஸ்எஸ்ஸில் இருக்கிறது, சொல் உடையாது.

---

நீலக்கட்டம் | வியாழன், காலை 8.40

ஏற்றுக்கொள்கிறேன். நான் அரசு வேலைகளுக்குப் பக்கம் செய்து தருகிறவன். என் இடத்திலும் முகப்பில் ஓடுகிற அறிவிப்பு, மினுக்குகிற "புதியது" எல்லாம் உண்டு. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களைக் கட்டாயமாக்காத 15(1) ஆம் விதி 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கே முரண் என்று தள்ளிவிட்டது. அதைப் படித்திருந்தும் என் வேலையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இந்த வாரமே அந்த ஓடுகிற வரியில் கைவைக்கிறேன்.

---

மல்லிகைச்சரம் | சனி, இரவு 9.15

செய்துமுடித்தேன். இரண்டு ராத்திரி ஆனது.

பூ பின்னணிக்குப் போய்விட்டது. பெயர்களை உடைப்பதை அடியோடு விட்டுவிட்டேன், கிளிப்-பாத்தில் மெல்லத் திறக்கிறது, என் கண்ணுக்கு முன்னதைவிட இதுதான் அழகு. ஓடுகிற வரியை எடுத்தேவிட்டேன். "தங்கள் நல்வரவை நாடும்" என்று அடியில் அமைதியாக நிற்கிறது, அச்சுப் பத்திரிகையில் எப்போதும் நின்ற இடம் அதுதான். லாங் ஆங்கிலம் என்றுதான் இருந்தது, மாற்றினேன். வடலி தம்பி சொன்னதைக் கேட்டுப் பழைய கோப்புகளைப் பார்த்தால், "ஸ்ரீ முருகன் துணை" என்ற வரி ஏதோ பழைய எழுத்துருவில் இருந்தது. அதையும் யூனிகோடில் தட்டினேன்.

என்விடிஏவில் ஸ்பீச் வியூவர் என்று ஒரு ஜன்னல் இருக்கிறது, அது பேசுவதெல்லாம் எழுத்தாக வரும். என்னைப் போலக் காதால் வேகமாகப் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவி. முதல் வரி "பிள்ளையார் சுழி" என்று வந்தது. மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று மாலை பெரியப்பாவுக்கு லிங்க் அனுப்பி, அவர் கேட்கும்போது நானும் லைனில் இருந்தேன். பெயர் இரண்டும் முழுசாக வந்தன. மண்டபம் வந்தது. "மண்டபம் செல்லும் வழி" என்ற இடத்தில் தட்டினார், மேப் திறந்தது. முகூர்த்தத்தில்தான் நின்றார். "காலை 9.00 - 10.30" என்று போட்டிருந்தேன், அவருடைய குரல் நடுவில் இருந்த கோட்டை மைனஸ் என்று சொல்லிவிட்டது. "என்னம்மா, முகூர்த்தத்துல கழித்தல் கணக்கு போடுது" என்றார்.

மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷமாக அவர் அச்சுக்கோத்த வரியை அப்படியே சொன்னார்: "காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்." அதைத் தட்டிப் போட்டு, பெரியப்பாவை மறுபடி திறக்கச் சொன்னேன்.

---

ஒலிவழி | சனி, இரவு 9.50

வந்ததா அக்கா?

---

மல்லிகைச்சரம் | சனி, இரவு 9.58

வந்தது தம்பி. இரண்டு தடவை கேட்டார். மேலே ஏறிப்போய்ப் பிள்ளையார் சுழியிலிருந்து ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டு, பெரியம்மாவைக் கூப்பிட்டு அவர் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனை வைத்துவிட்டேன்.